வீல் கப்பில் பெயிண்ட் நிற்குமா?

சின்னக் கார்களின் சக்கரத்தைப் பார்த்து அலாய் வீல் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பல கார்களில் அது இரும்புச் சக்கரத்தின் மேல் அழுத்தி மாட்டிய பிளாஸ்டிக் மூடிதான். பட்டறைப் பேச்சில் வீல் கப். புதிதில் வெள்ளி மாதிரி மின்னும். சில கோடைகள் போனதும் ஓரமெல்லாம் பிளாட்பாரக் கல்லில் உரசிய கீறல், நடுவில் வெளுப்பு, திட்டுத்திட்டாக உரிந்த பூச்சு, பிரேக்கிலிருந்து பறந்து வந்து பதிந்த இரும்புத்தூள் துருவேறிய செம்புள்ளிகள். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய செட் ஒன்றைப் பேரம் பேசலாம். இல்லையென்றால் உப்புத்தாளும் ஸ்ப்ரே டப்பாவும் வாங்கி வீட்டு வாசலிலேயே வேலையை முடிக்கலாம். அடித்த அன்று சாயங்காலம் புதுசு மாதிரியே இருக்கும். சில வாட்டர் வாஷ் தாண்டியதும் பாளம் பாளமாகக் கழன்று வரும். திட்டு வாங்குவது பெயிண்ட்.

பெயிண்டைத் திட்டுவதற்கு முன்னால் வீல் கப்பைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். அச்சில் வார்க்கும்போதே பதித்த சில எழுத்துகள் அங்கே இருக்கும், இரண்டு கூம்புக் குறிகளுக்கு நடுவில். பிபி என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். ஏபிஎஸ் என்றிருந்தால் அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்த பிளாஸ்டிக். பிஏ என்றால் நைலான் வகை. கூடவே டிடி 20 என்று ஒரு வால் இருந்தால் எடையில் நூற்றுக்கு 20 பங்கு டால்க், அதாவது முகப்பவுடரில் இருக்கும் அதே தாதுத்தூள் கலந்திருக்கிறது என்று பொருள். கடைக்காரர் சொல்லாத சங்கதியெல்லாம் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. பெயிண்ட் நிற்குமா நிற்காதா என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

சிலர் ஒரு துணுக்கை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.9, அதனால் மிதக்கும். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி ஏறத்தாழ 1.05, மூழ்கும். சோதனை சரிதான், ஆனால் டால்க் கலந்த பாலிபுரொப்பிலீனும் மூழ்கிவிடும். எழுத்தை நம்புவது மேல்.

இந்த இரண்டு பிளாஸ்டிக்குகளும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சுபாவம் வேறு. பாலிபுரொப்பிலீன், 1954 இல் இத்தாலியின் மிலான் நகரில் ஜூலியோ நாட்டாவின் ஆய்வகத்தில் உருவானது. அந்த வழிமுறைக்காக நாட்டாவும் ஜெர்மானியர் கார்ல் ஸீக்லரும் 1963 இன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் கார்பனையும் ஹைட்ரஜனையும் தவிர வேறெதுவும் இல்லை. எண்ணெய், மெழுகு ஆகியவற்றின் நெருங்கிய உறவுக்காரன். மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்த அணுக்கூட்டம் எதுவும் இல்லாததால், மேலே வந்து படியும் எதையும் அது வலுவாக இழுப்பதில்லை. இந்த இழுவையை மேற்பரப்பு ஆற்றல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். பாலிபுரொப்பிலீனுக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன். ஏபிஎஸ்ஸுக்கு 40ஐத் தாண்டும், காரணம் அதில் இருக்கும் நைட்ரஜன் அணுக்கள். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை 72க்கு மேல். அதனால்தான் புது பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் படராமல் முத்துமுத்தாக நிற்கிறது. பெயிண்டின் கதை சற்று மாறுபட்டது. அதிலுள்ள கரைப்பான்களின் இழுவிசை குறைவு. ஆகவே பாலிபுரொப்பிலீன் மேல்கூட அது ஓரளவு படர்ந்துவிடும். படர்வதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். கரைப்பான் பறந்த பிறகு மிஞ்சும் படலத்துக்கும் அடியிலிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படியான பிணைப்பு எதுவும் இருக்காது.

இனி வெயில். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் பாலிபுரொப்பிலீன் சங்கிலியில் ஒன்று விட்டு ஒன்றாக வரும் பலவீனமான கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பைக் குறிவைக்கிறது. ஹைட்ரஜன் கழன்ற இடத்தில் ஆக்ஸிஜன் ஏறிக்கொள்கிறது. அதைத் தொடர்ந்து சங்கிலியே அறுகிறது. நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் பிளாஸ்டிக்குக்கு வலு. துண்டானால் நொறுங்கும். ஏபிஎஸ்ஸில் முதல் அடி வாங்குவது பியூட்டடையீன் ரப்பர்த் துகள்கள்: நெகிழ்ச்சி போகிறது, நிறம் பழுப்பாகிறது. மேல்தோலில் நுண்ணிய வெடிப்புகள் ஓடி, அவற்றில் பட்டு ஒளி சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. உள்ளே கலந்த டால்க் தூளும் வெளியே தலைகாட்டும். கையால் தேய்த்தால் விரலில் வெண்மை ஒட்டுவது அதனால்தான். ஆனால் இந்தச் சேதமெல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தோடு நின்றுவிடுகிறது. கதிரும் ஆக்ஸிஜனும் அதற்கு மேல் உள்ளே போக முடிவதில்லை. அடியில் இருப்பது ஏறக்குறைய தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பிளாஸ்டிக். பழைய வீல் கப்பைத் தேய்த்து மீட்கலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இந்த ஒரு உண்மைதான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. வெயிலில் காய்ந்த பாலிபுரொப்பிலீன், புதியதைவிட நன்றாக நனையும். மேற்பரப்பில் ஏறிய ஆக்ஸிஜன் தண்ணீரையும் பெயிண்டையும் இழுக்கிறது. சொட்டு நீரை விட்டுப் பார்த்தால் முத்தாக நிற்காமல் பரவும். அப்படியானால் பழைய வீல் கப்பில்தான் பெயிண்ட் நன்றாக ஒட்ட வேண்டும். ஒட்டத்தான் செய்கிறது, நொறுங்கிப்போன மேல்தோலோடு. அந்தத் தோலுக்கும் அடியிலிருக்கும் நல்ல பிளாஸ்டிக்குக்கும் இடையில்தான் பிடிப்பு இல்லை. உரிந்து விழுந்த பெயிண்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும். பெயிண்ட் பிளாஸ்டிக்கை விடவில்லை, தோலைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒட்டு விட்டதாகத் தோன்றும் இடங்களில் உண்மையில் உடைவது அதையொட்டிய பலவீனமான ஓர் அடுக்கே என்று ஜேக்கப் பிக்கர்மேன் 1960களில் அழுத்திச் சொன்னார். ஒட்டுப்பசை ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படும் கருத்து அது. எல்லா இடத்துக்கும் அதுவே விளக்கம் என்ற அளவுக்கு அவர் போனது கொஞ்சம் அதிகம். தேய்ந்து காய்ந்த பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், கார் பம்பர் செய்யும் தொழிற்சாலைகள் வெயில் செய்யும் அதே வேதிவினையை வேண்டுமென்றே செய்கின்றன. பாலிபுரொப்பிலீன் பம்பர் மேல் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஓர் இயந்திரக்கை எரிவாயுச் சுவாலையை அதன்மேல் வேகமாக ஓட்டிச் செல்லும். ஓரிடத்தில் நெருப்பு படுவது விநாடியில் ஒரு சிறு பங்கு நேரம்தான். அதற்குள் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் ஏறிவிடுகிறது, ஆனால் சில நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டும். அடியிலிருக்கும் சங்கிலிகளுக்கு எதுவும் ஆவதில்லை. வெயில் வருடக்கணக்கில் நின்று ஆழமாகச் செய்து கெடுப்பதை, நெருப்பு கண நேரத்தில் மேலோட்டமாகச் செய்து உதவுகிறது. இதைப் படித்துவிட்டு லைட்டரை எடுக்காதீர்கள். வீட்டில் அதே சீரும் வேகமும் கைகூடாது. ஓரம் உருகி நெளியும்.

நம் கையில் இருப்பது உப்புத்தாள். தாளைத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் பெயிண்ட் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும் என்பது பரவலான எண்ணம். அதில் பாதி உண்மை. பரப்பளவு கூடுவது உண்மை, பள்ளங்களில் பெயிண்ட் இறங்கிப் பிடிப்பதும் உண்மை. அதைவிடப் பெரிய வேலை, அந்த நொறுங்கிய தோலை அகற்றுவது. அதனால் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதற்குப் பதில் எளிது: வெண்தூள் வருவது நின்று, பிளாஸ்டிக்கின் சொந்த நிறம் எங்கும் ஒரே மாதிரி தெரியும்வரை. பழைய பூச்சு உறுதியாக நிற்கும் இடங்களில் அதை முழுக்க எடுக்கத் தேவையில்லை. உரிந்த இடத்தின் விளிம்பைச் சரிவாக்கினால் போதும். அந்தப் படி அப்படியே இருந்தால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் வரைபடத்தில் கடற்கரைக்கோடு தெரிவதுபோல் தெரியும்.

தாளின் பின்னால் உள்ள எண் கூடக் கூட மணல் பொடியாகும். 400 எண் தாளில் துகளின் அளவு சராசரியாக 35 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. 800 எண் தாளில் ஏறத்தாழ 22. ஒரு கோட் ஸ்ப்ரே பெயிண்ட் காய்ந்த பின் மிஞ்சும் தடிமனும் இதே வரிசையில், பத்து இருபது மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். 120 எண் முரட்டுத் தாளால் கீறிவிட்டு மெல்லிய வெள்ளிப் பூச்சால் மறைக்கலாம் என்று நினைப்பது ஏன் நடக்காது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. கல்லில் உரசிய ஆழக் கீறலுக்கு மட்டும் முரட்டுத் தாள் அல்லது பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பட்டி, பிறகு 400, பிரைமருக்கு மேல் 600 அல்லது 800.

தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. உலர்ந்து தேய்த்தால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகித் தாளின் பற்களில் அடைத்துக்கொள்ளும், தூளும் மூச்சில் ஏறும். நம் பட்டறைகள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் கறுப்புத் தாளுக்குத் தனிக் கதை உண்டு. அதிலுள்ள சிலிக்கான் கார்பைடை 1891 இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சீசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கண்டெடுத்தார். நனைந்தாலும் கரையாத தாளை உருவாக்கியவர் ஃபிரான்சிஸ் ஓக்கி, பிலடெல்பியாவில் மை தயாரித்துக்கொண்டிருந்தவர். 3எம் நிறுவனம் அதை 1921 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கார்ப் பூச்சுகளில் ஈயம் இருந்தது. பட்டறைகளில் பறந்த ஈயத்தூளை அடக்கியதும் அந்தத் தாள் பரவ ஒரு காரணம். தேய்த்து வழியும் சேற்றுநீரைச் சாக்கடையில் ஊற்றாமல், ஒரு தொட்டியில் தெளியவிட்டு அடியில் தங்கும் வண்டலைக் குப்பையில் சேர்க்கலாம். அது பெரும்பாலும் பிளாஸ்டிக் தூள்.

வரிசையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் கழுவ வேண்டும், அப்புறம்தான் தேய்க்க வேண்டும். டயருக்குப் பளபளப்பு ஏற்றும் பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். அதன் மேற்பரப்பு இழுவிசை 20ஐ ஒட்டி, அதாவது பெயிண்டைவிடக் குறைவு. அது துளி ஒட்டியிருந்தாலும் அந்த இடத்திலிருந்து பெயிண்ட் விலகி ஓடும். மீன்கண் மாதிரி வட்டமான குழிகள் விழும். கழுவாமல் தேய்த்தால் எண்ணெயைக் கீறலுக்குள் திணித்தது மாதிரி ஆகிவிடும், பிறகு எதற்கும் வெளியே வராது. சோப்புத் தண்ணீர், அதன்பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி, பிறகு தாள், மறுபடி ஆல்கஹால். தின்னரால் துடைக்கும் பழக்கம் இரும்புக்குச் சரி. ஏபிஎஸ்ஸை அது கரைக்கும்.

கரைக்கும் என்பது ஓரளவுக்கு நன்மையும்கூட. பெயிண்டிலுள்ள கரைப்பான் ஏபிஎஸ்ஸின் மேல்பரப்பைச் சற்றே இளக்கி, பெயிண்டின் மூலக்கூறுகள் உள்ளே பின்னிக்கொள்ள இடம் தருகிறது. அதனால் ஏபிஎஸ் வீல் கப்புக்குத் தேய்ப்பும் சாதாரண பிளாஸ்டிக் பிரைமரும் போதும். ஆனால் முதல் கோட்டையே சொட்டச் சொட்ட அடித்தால் கரைப்பான் ஆழமாக இறங்கும். வார்க்கும்போது உள்ளே உறைந்துபோன இறுக்கங்கள் விடுபட்டு, சிலந்தி வலை போன்ற வெடிப்புகள் கிளம்பும். பாலிபுரொப்பிலீனில் இந்தச் சௌகரியமும் இல்லை, ஆபத்தும் இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் புதிதாக வெளிவருவது அதே மெழுகுச் சுபாவமுள்ள பரப்புதான். போதாக்குறைக்குத் தேய்க்கத் தேய்க்க நுனியில் பஞ்சுபோல் இழை கிளம்பும். அங்கே தேய்ப்பு பழைய தோலை எடுக்க மட்டுமே. ஒட்டவைக்கத் தனிப் பூச்சு வேண்டும். அட்ஹீஷன் புரமோட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் சரக்கு குளோரின் ஏற்றிய பாலிபுரொப்பிலீன் வகை. சங்கிலியின் உடல் பாலிபுரொப்பிலீனோடு கலந்துகொள்ளும், குளோரின் பகுதி மேலே வரும் பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று வசவாகச் சொல்வோமே, இங்கே அதுதான் வேலையே. மிக மெல்லிய ஒரு கோட் போதும். தடித்தால் அதுவே இன்னொரு பலவீனமான அடுக்காகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் டப்பா. பெயிண்டை அழுத்த டப்பாவில் அடைத்து விற்கலாம் என்று 1949 இல் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து எட்வர்ட் ஸீமோர். யோசனை அவர் மனைவி பானியுடையது. முதலில் உள்ளே போனது அலுமினிய நிறப் பூச்சு, ஏறக்குறைய நம் வீல் கப் நிறம்தான். அந்தக் காலத்தில் உந்துவாயு குளோரோபுளோரோகார்பன். ஓசோன் படலத்துக்கு அது செய்யும் கேட்டை மொலினாவும் ரோலண்டும் 1974 இல் எடுத்துக்காட்டிய பின் படிப்படியாக ஒழிந்து, இப்போது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் கலவை அல்லது டைமெத்தில் ஈதர். அடுப்பில் எரியும் சமாச்சாரம். டப்பாவுக்குள் அது பாதி திரவமாகவும் மீதி வாயுவாகவும் இருக்கிறது. பெயிண்ட் வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி இடத்தை நிரப்புவதால் கடைசித் துளிவரை அழுத்தம் ஏறக்குறைய மாறாது. விடாமல் அடித்தால் டப்பா சில்லிடுவது இந்த ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சுவதால்தான். சில்லிட்டால் அழுத்தம் குறைந்து துளிகள் பெரிதாகும். சற்று நிறுத்திக் குலுக்கிவிட்டுத் தொடர வேண்டும். மறுபக்கம், 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காதே என்ற எச்சரிக்கையை நம் ஊரில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய கார் அந்த அளவை எளிதில் தாண்டும்.

தூரம் ஒரு சாண் அளவு, 20 முதல் 25 சென்டிமீட்டர். நெருங்கினால் வழியும், விலகினால் துளி காற்றிலேயே பாதி காய்ந்து சொரசொரப்பாக விழும். வெள்ளி நிறத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அதன் மினுக்கம் மெல்லிய அலுமினியச் செதில்களால் வருவது; அகலம் பத்து இருபது மைக்ரான், தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கரைப்பான் பறந்து படலம் சுருங்கும்போது செதில்கள் தட்டையாகப் படிந்தால் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். தடித்த ஈரக் கோட்டில் அவை மிதந்து கண்டபடி திரும்பிக்கொள்ளும். அந்த இடம் கருத்துத் தெரியும். வீட்டில் அடித்த வெள்ளி வீல் கப்புகள் மேகம் கவிந்ததுபோல் திட்டாக இருப்பதற்குக் காரணம் பெயிண்டின் தரமல்ல, அவசரம். மெல்லிய கோட்டுகள், நடுநடுவே பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. வெள்ளிக் கோட்டின் மேல் உப்புத்தாள் படவே கூடாது, செதில்கள் கலைந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருப்பது உத்தமம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அதிலேயே பனிபோல் நீர் படிந்து படலத்துக்குள் சிக்கும். பளபளப்புக்குப் பதில் பால் கலந்த வெளுப்பு. பட்டறைக்காரர்கள் மழை நாளில் காத்திருப்பது சோம்பலால் அல்ல.

கடைசியில் கிளியர் கோட். வெள்ளிச் செதில்களை மழைநீரும் வாட்டர் வாஷ் சோப்பின் காரமும் கருக்கிவிடாமல் காப்பது அதுதான். புறஊதாவை உறிஞ்சும் பொருள் கலந்தது கிடைத்தால் நல்லது, அடியிலிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் குடை. இரண்டு பாகம் கலக்கும் வகை உறுதியானது. ஆனால் அதன் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கிளப்பும் பொருள். துணி முகமூடி அதற்கு எந்தத் தடையும் ஆகாது. ஒற்றைப் பாக அக்ரிலிக் கிளியரே வீட்டுக்குப் போதும், அதுவும் திறந்த வெளியில், கரி வடிகட்டி பொருத்திய முகமூடியோடு.

நின்றதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு வாரம் காயவிட்டபின், கண்ணில் படாத உள்விளிம்பில் பிளேடால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு. 25 சின்னக் கட்டங்கள் கிடைக்கும். நல்ல ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். தொழிற்சாலைச் சோதனைக்கூடங்களும் இதையேதான் செய்து, எத்தனை கட்டம் பெயர்ந்தது என்று எண்ணி மதிப்பெண் போடுகின்றன.

இதே வித்தையைக் குழந்தைகளின் நடைவண்டி, பொம்மைக் கார்ச் சக்கரங்களுக்கும் செய்து தரச் சொல்லிக் கேட்பார்கள். அவற்றில் பல பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீனைவிடப் பிடிவாதம். தரையில் உருளும் பரப்பில் எந்த ஸ்ப்ரே பூச்சும் நிற்காது, சிமென்ட் தரையே உப்புத்தாள். இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் மில்லியனில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016 விதிகள் சொல்கின்றன. வாகனத்துக்கென்று விற்கும் டப்பாக்களை அந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. வாயில் வைத்துக் கடிக்கும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தச் சக்கரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தால் போதும். வெளுத்துப்போனது பற்றிப் பிள்ளைக்குப் புகார் எதுவும் இருக்காது.